லீவும் பத்துச்சீட்டும்

கண்ணு, இந்தக் கடிதத்தை உன் போனுக்கு அனுப்பாமல் பத்திரிகைக்கு அனுப்பியிருக்கிறேன் என்று தெரிந்தால் நீ முகத்தைச் சுளிப்பாய். போனுக்கு அனுப்பினால் இரண்டு நீலக்கோடு விழும். "அப்பறம் படிக்கறேங்மா" என்று ஒரு வரி வரும். அதோடு சரி. அச்சில் வந்தால் உன் மாமாவோ மேட்டுப்பாளையத்துச் சித்தியோ வெட்டி எடுத்து உனக்கு அனுப்பாமல் விடமாட்டார்கள். நாலு பேர் பார்க்க எழுதினால் நீயும் பதில் சொல்லாமல் நழுவ முடியாது, நானும் பொய் எழுத முடியாது. எனக்கு இந்த இரண்டாவது காரணம்தான் பெரிது. நீ கனடாவுக்குப் போய்ப் பத்து மாதம் ஆகிறது, அதில் பாதிக்கு மேலாக உன் பேரைச் சொல்லி நான் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நடுவட்டம் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, பேக்கரிக்கும் உரக்கடைக்கும் நடுவில் இருக்கிற உன் பல் வைத்திய அறையின் சாவி என்னிடம்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமை முருகனுக்கு விளக்குப் போட்டுவிட்டு வருகிற வழியில் அறையைத் திறந்து பெருக்குவேன். நாற்காலியின் பச்சை ரெக்ஸினைத் துடைப்பேன். மழை நாட்களில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கக் கணப்புச் சட்டியைக் கொண்டுபோய் ஒரு மணி நேரம் மூலையில் வைப்பேன். நீ கிளம்பிய ஆவணி மாதம் நாம் இரண்டு பேரும் அந்த வாசலில் நின்றோம். "ரெண்டே மாசங்மா. பரீட்சைக்குப் பதிஞ்சுட்டு, நெலவரம் பாத்துட்டு வந்தர்றேன். அதுவரைக்கும் லீவுன்னு எழுதி ஒட்டீருங்க" என்றாய். காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் "டாக்டர் லீவு" என்று கெட்டி எழுத்தில் எழுதியவள் நான். தேதி போட இடம்கூட விட்டிருந்தேன். "தேதி வேண்டாங்மா" என்றாய். முப்பது வருஷம் தேயிலை ஃபேக்டரிக்காரரோடு குடித்தனம் நடத்தியவளுக்கு அங்கேயே உறைத்திருக்க வேண்டும். தோட்டத்து ஆட்களுக்கு லீவு என்றால் அதற்கு ஒரு முதல் நாளும் ஒரு கடைசி நாளும் உண்டு. லீவில் போனவன் பேர் புத்தகத்தில் இருக்கும். இருக்கிற பேர் திரும்பி வரும் என்று நம்பித்தான் அவர்கள் அந்த வார்த்தையைப் படிப்பார்கள்.

உன் நோயாளிகளின் நோட்டு எப்படி என் கைக்கு வந்தது என்பதை இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன். என் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. இங்கிலீஷ் எழுத்துக்களை உன் அப்பா வேலை பார்த்த ஃபேக்டரியில், டீப் பெட்டிகளின் மேல் அடித்திருந்த அச்சைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். பால், அரிசி, விறகு என்று எதையும் எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு உண்டென்பதால், நீ அறை எடுத்த முதல் மாதமே நோட்டை என்னிடம் தள்ளிவிட்டாய். பல்லுக்கெல்லாம் நம்பர் உண்டு என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வலது கீழ்க் கடைவாய்ப் பல் நாற்பத்தாறு, அதற்கு நேர் எதிரே இடது பக்கம் முப்பத்தாறு. ஒரு வாரத்தில் எனக்கு வாய் முழுக்க மனப்பாடம். சாப்பிட உட்காரும்போது அப்பா, "ஏம்புள்ள, இந்த முறுக்கை எந்த நம்பர்ல கடிக்கட்டும்?" என்று கேலி செய்வார். பேர், தோட்டத்துக் குடியிருப்பில் எந்த லைன் வீடு, எந்தப் பல், என்ன செய்தாய், மறுபடி எப்போது வரவேண்டும். இந்த ஐந்து விவரமும் இல்லாமல் ஒருவரையும் நான் வெளியே விட்டதில்லை. நீ விமானம் ஏறிய அன்று அந்த நோட்டில் வேலை பாதியில் நின்றவர்கள் நாற்பத்தொரு பேர்.

இனி என் தப்பைச் சொல்கிறேன். உன்னை அனுப்பியது நான்தான். நீ நாலு வருஷம் அந்த அறையில் நன்றாகத்தான் இருந்தாய். மழையில் கரண்ட் போனால் டார்ச் பிடிக்க நான் வருவேன், நீ சிரிப்பாய். ஆனால் மேட்டுப்பாளையத்தில் உன் சித்தி மகள் கல்யாணத்தில் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு அம்மா, இலையில் கையை வைத்துக்கொண்டே, "ஏனுங்க அக்கா, உங்க பையன் இன்னும் அந்த மூடுபனிக்குள்ளயேதான் பல்லுப் புடுங்கீட்டு இருக்கறானுங்களா? என்ற மருமவன் வெளிநாட்டுல சொந்த ஊடே வாங்கீட்டானுங்க" என்றாள். பாயசம் வருவதற்கு முன்பே நான் இலையை மடித்துவிட்டேன். மலை ஏறுகிற பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அந்தப் பேச்சு என்னோடு சேர்ந்து திரும்பியது. அன்றிலிருந்து உன்னை நான் சும்மா விடவில்லை. "நீயும் எங்கியாச்சும் போயேன் கண்ணு" என்று சோறு போடும்போது சொன்னேன், துணி மடிக்கும்போது சொன்னேன். முருகனிடமும் அதையே கேட்டேன். உன்னைக் கேட்காமல் உன் பேருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்தேன். நீ சம்மதித்தபோது சாமி கொடுத்தது என்று பொங்கல் வைத்தேன். அந்தப் பொங்கலை வாங்கிச் சாப்பிட்டவர்களில் பாக்கியமும் ஒருத்தி. எதற்குப் பொங்கல் என்று கேட்டாள். "பையன் நல்லதுக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டேன்.

பாக்கியத்தை உனக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சின்னப் பெண்ணாக இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்து, இங்கே கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவள். இன்றைக்கும் டீயைத் தேத்தண்ணி என்றுதான் சொல்வாள். உன்னை டாக்டர்த்தொரை என்பாள். இந்தக் கடிதத்தில் அவள் பேரை மாற்றட்டுமா என்று கேட்டதற்கு, "ஏம்மா, நா என்ன களவா எடுத்தேன்? போடுங்க பேர" என்றாள். நோட்டில் அவள் பேருக்கு நேரே என் எழுத்தில் இருப்பது இதுதான்: நாற்பத்தாறு, வேர் சுத்தம் பாதி, மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்தது, பதினைந்து நாளில் வரவும்.

பதினைந்தாம் நாள் சரியாக வந்துவிட்டாள். நான் அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். "டாக்டர் லீவு பாக்கியம், வந்துருவான்" என்றேன். அடுத்த மாதமும் வந்தாள். தையிலும் வந்தாள். ஒவ்வொரு தடவையும் அதே பதில். அவளுக்கு மட்டுமல்ல, வந்த எல்லோருக்கும் அதுதான். அது பொய் என்று தெரிந்தபின் சொன்ன ஒவ்வொரு முறைக்கும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு போட ஆரம்பித்தேன், முருகனிடம் ஒப்புவிக்க ஒரு கணக்கு வேண்டுமே என்று. ஒரு செவ்வாய் அன்னம் தொடாமல் இருந்து கழித்துவிட்டதாக நினைத்தேன். புதன்கிழமை காலை பேக்கரி வாசலில் ஒருவர் கேட்டார், வாய் தானாகவே "லீவு" என்றது. கோடுகள் அந்தப் பக்கம் நிறைந்து மறுபக்கம் போயின.

நீ வரமாட்டாய் என்று எனக்கு எப்போது தெரிந்தது என்று கேட்பாய். மார்கழியில் நீ வீடியோவில் உன் பயிற்சி இடத்தைக் காட்டினாயே, அன்று. ஒரு பொம்மைத் தலை, அதன் வாய்க்குள் வரிசையாக வெள்ளைப் பற்கள். "பிளாஸ்டிக் பல்லுங்மா. பரீட்சைக்கு இதுலதான் குடையணும்" என்றாய். பகலில் ஒரு டாக்டருக்குப் பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிக்கிற வேலை, சாயங்காலம் பொம்மைத் தலை. உன் பக்கத்து மேஜையில் பன்னிரண்டு வருஷம் சொந்த ஊரில் வைத்தியம் பார்த்த ஒரு பிலிப்பைன்ஸ் அக்கா, அதற்கப்பால் ஈரானிலிருந்து வந்த பெண். மூன்று பேரும் படித்து முடித்த வைத்தியத்தை மறுபடி முதலிலிருந்து செய்து காட்டிக்கொண்டிருந்தீர்கள். அந்த நாட்டிலும் தள்ளியிருக்கிற ஊர்களில் பல் டாக்டர் கிடைப்பதில்லை என்று நீதான் சொன்னாய். அங்கேயும் யாரோ வலியோடு காத்திருக்கிறார்கள், நீங்கள் மூன்று பேரும் பிளாஸ்டிக்கைக் குடைந்துகொண்டிருக்கிறீர்கள், இங்கே பாக்கியம் காத்திருக்கிறாள். இது யாருக்கு லாபம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் உன் முகத்தில் இருந்த பிடிவாதம் விளங்கியது. அது என் முகம். ஆரம்பித்ததை விட்டு வரமாட்டாய்.

யாருக்கு லாபம் என்று நான் கேட்டதற்கு நீ சூடாகப் பதில் சொன்னாய். "அம்மா, வருசா வருசம் காலேஜ்ல இருந்து எத்தன பேரு வெளிய வர்றாங்கன்னு தெரியுங்ளா? கோயமுத்தூர்ல ஒரே பில்டிங்ல மூணு கிளினிக் இருக்குது. நா ஒருத்தன் வந்ததுல நாடு என்னங் கொறஞ்சு போச்சு?" என்றாய். நாட்டுக் கணக்கு எனக்குத் தெரியாது கண்ணு. உன் பேச்சில் நியாயம் இருக்கலாம் என்றுதான் அன்றைக்குத் தோன்றியது. பிறகு யோசித்தேன். கோயமுத்தூரில் அந்த மூன்றாவது கிளினிக்கில் ஈ ஓட்டுகிறவர் மலை ஏறி இங்கே வருவதில்லை. நீ போன பிறகு கூடலூருக்கும் பைக்காராவுக்கும் நடுவே பல்லில் கை வைக்க ஆள் இல்லை. வருகிறேன் என்று வந்த ஒருத்தியையும் நான்தான் வாசலிலேயே திருப்பி அனுப்பினேன்.

அவள் பேர் ஜின்சி. கூடலூர்ப் பக்கத்துப் பெண், வீட்டில் மலையாளம். பல் வைத்தியம் படித்துவிட்டு, கோயமுத்தூரில் இன்னொருவருடைய கிளினிக்கில் அவர் சொன்னதைச் செய்துகொண்டிருந்தாள். மாசி மாதம் குடையை மடக்கிக்கொண்டு நம் அறை வாசலில் நின்றாள். "அம்மே, ஒரு காரியம் கேக்கணும். இந்த ரூம் சும்மாதானே கிடக்குது? நான் எடுத்துக்கட்டா?" என்றாள். கையிலிருந்த துடைப்பத்தை வாசலுக்குக் குறுக்கே பிடித்தேன். "சும்மா கெடக்கலீங்க அம்முணி. என்ற பையன் லீவுல போயிருக்கறான்" என்றேன். "எத்தன நாள் லீவு?" என்று கேட்டாள். அப்பாவிதான், குத்தலாகக் கேட்கவில்லை. நான் கதவைச் சாத்தினேன். பங்குனியில் மறுபடி வந்தாள், மறுபடி சாத்தினேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் உன் அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "நீ டாக்டருக்குக் காத்திருக்கறயா, மகனுக்குக் காத்திருக்கறயா? ரெண்டுக்கும் சேத்து ஒரே ரூம புடிச்சு வெச்சிருக்கற" என்றார். அவர் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டேன். அவர் சொன்னது உண்மையாக இருந்ததுதான் காரணம். அந்த அறை உன் பேரில் இருக்கும்வரை நீ திரும்பி வர ஒரு இடம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதை இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டால் என் பிள்ளை வரமாட்டான் என்று நானே கையெழுத்துப் போட்டது போலாகிவிடும்.

வைகாசிக் கடைசியில் பாக்கியத்தின் மருமகள் மழையில் நனைந்து ஓடி வந்தாள். "அம்மா, அத்தைக்கு வாயே தொறக்க மாட்டேங்குது" என்றாள். நான் லைன் வீட்டுக்குப் போனபோது பாக்கியம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வலது தாடை கழுத்துவரை இறங்கி வீங்கிப் பளபளவென்று இருந்தது. ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் வாய் திறந்தது, எச்சில் விழுங்க முடியவில்லை, உடம்பு அனலாகக் கொதித்தது. நீ வைத்த தற்காலிக அடைப்பு எப்போதோ உதிர்ந்துவிட்டிருந்தது. நாலு மாதமாக விட்டு விட்டு வலித்ததாம், கிராம்பை வைத்து வைத்து ஓட்டியிருக்கிறாள். ஆம்புலன்ஸில் அவளோடு நானும் ஏறினேன். வண்டி வளைவில் திரும்பும்போதெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பெரிய ஆஸ்பத்திரியில் தாடைக்கு அடியில் கீறிச் சீழை எடுத்தார்கள், அந்தப் பல்லையும் எடுத்தார்கள். ஒரு நாள் தாமதித்திருந்தால் மூச்சுக்குழாய் அடைத்திருக்கும் என்றார் அங்கிருந்த டாக்டர். "இத்தனை மாசம் யார்கிட்டயும் காட்டலியா? கூடலூர்ல டாக்டர் இல்லியா?" என்று அவர் அதட்டியபோது, பாக்கியம் வாயைத் திறக்க முடியாமல் பல்லிடுக்கில் சொன்னாள்: "எங்க டாக்டரு லீவு சார்." அந்தப் பதிலை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

வீக்கம் வடிந்து அவள் பேச ஆரம்பித்த அன்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து உண்மையைச் சொன்னேன். அவன் அங்கேயே இருக்கப் போகிறான், எனக்கு மார்கழியிலிருந்தே தெரியும், தெரிந்துதான் சொன்னேன் என்றேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அவள் தலையணையை நிமிர்த்தி வைத்துச் சாய்ந்துகொண்டாள். பிறகு கேட்டாள், "அப்போ தொரை பத்துச்சீட்டு வாங்கிட்டா போனாரு?"

எனக்கு அந்த வார்த்தை தெரியாது. அவளே விளக்கினாள். இலங்கைத் தோட்டத்தில் ஒரு ஆளின் பேரைப் புத்தகத்திலிருந்து வெட்டி, இனி உனக்கும் எங்களுக்கும் வேலைத் தொடர்பு இல்லை என்று எழுதிக் கொடுக்கிற காகிதமாம். "எங்கப்பனுக்குக் குடுத்தாங்க. அன்னிக்கு லயத்து வீட்டு சனமே அழுவுச்சு. ஆனா ஒண்ணும்மா, சீட்டு கைக்கு வந்த மறுநாளு எங்கப்பன் வேற வழி பாக்கக் கெளம்பிட்டாரு. சீட்டும் குடுக்காம வேலையும் குடுக்காம வெச்சிருந்தா, மனுசன் வாசல்லயேதானே நிப்பான்? எங்களயும் அப்புடித்தானே நிக்க வெச்சிட்டீங்க. போறவரு போகட்டும்மா, யாரு தடுத்தா? நானும் இந்த ஊருக்கு வந்தவதானே, போறதப் பத்தி எனக்குத் தெரியாதா? போறேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நா அன்னிக்கே கூடலூருக்கு பஸ் ஏறியிருப்பேனே."

கண்ணு, வெளிநாடு போகாதே என்று உனக்கு எழுதுகிற தகுதி எனக்கு இல்லை. பந்தியில் ஒருத்தி சொன்ன பேச்சுக்காகப் பிள்ளையைத் தள்ளிவிட்டவள் நான். உன் சம்பாத்தியம், உன் கல்யாணம், உன் கால் ஊன்றுகிற இடம் எல்லாம் நீ பார்த்து முடிவு செய். உன்னைப் போலப் போகிற மற்றப் பிள்ளைகளுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும் நான் சொல்வது ஒன்றுதான். போவதென்றால் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். யாருடைய வாயில் வேலையைப் பாதியில் விட்டிருக்கிறீர்களோ, அவர்கள் பேரை வாங்கிக்கொள்ள இன்னொரு கையைத் தேடி ஒப்படைத்துவிட்டுப் போங்கள். பெற்றவர்களே, பிள்ளையின் இடத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு ஊரைக் காக்க வைக்காதீர்கள். பூட்டிய அறையைத் துடைப்பது பக்தி மாதிரிதான் இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

உன் பதிலுக்காகக் காத்திருந்தால் மறுபடியும் "பாக்கலாங்மா" என்பாய் என்பதால், கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். போன திங்கட்கிழமை கோயமுத்தூருக்குப் போன் போட்டு ஜின்சியை வரச் சொன்னேன். "அம்மே, இனியும் கதவைச் சாத்தமாட்டீங்களே?" என்று சிரித்தபடியே வந்தாள். சாவியைக் கையில் கொடுத்தேன். கொடுத்த பிறகும் சாவி வளையத்தை நான் விடாததைப் பார்த்து அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். உன் அப்பா வாசலிலேயே நின்று, "அம்முணி, அந்த நாக்காலி லீவர் கொஞ்சம் கெட்டியா இருக்கும், பாத்து அமுக்கோணும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேக்கரிப் பக்கம் போய்விட்டார். இரண்டு நாளாக எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. செய்தது சரி என்று ஒரு நேரம் தோன்றுகிறது. அடுத்த நேரம் ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பி வாங்கிவிடலாமா என்று செருப்பை மாட்டுகிறேன். நீ ஒருநாள் வந்தால் எங்கே உட்காருவாய் என்றுதான் வாசலில் நின்று யோசிக்கிறேன்.

நாற்பத்தொரு பேரில் பலர் வேறெங்கோ போய்ப் பார்த்துக்கொண்டார்கள், பல் செட்டுக்கு அளவு கொடுத்த பெரியவர் ஒருவர் செட்டு வராமலே காலமாகிவிட்டார். இன்னும் பதினேழு பேர் மிச்சம். அந்தப் பற்களுக்குள் நீ எதுவரை போனாய், என்ன மருந்து வைத்தாய் என்பது என் நோட்டில் பாதிதான் இருக்கிறது, மீதி உன் தலையில் இருக்கிறது. ஜின்சிக்கு அது வேண்டும். இது அச்சில் வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குப் பதினேழு பேரும் அறைக்கு வருகிறார்கள். உனக்கு அப்போது காலை நேரம், வேலையும் கிடையாது. வீடியோவில் கூப்பிடு. ஒவ்வொருவராக உன் முன்னால் உட்காருவார்கள். நீ வரப்போவதில்லை என்பதை உன் வாயாலேயே அவர்களிடம் சொல். சொல்லிவிட்டு, அவர்கள் பல்லைப் பற்றி ஜின்சிக்கு ஒவ்வொன்றாகச் சொல். நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்கிறேன்.

பாக்கியத்துக்கு இப்போது காட்டுவதற்குப் பல் இல்லை, தாடைக்கடியில் தழும்புதான் இருக்கிறது. ஆனாலும் முதல் ஆளாக நான்தான் உட்காருவேன் என்கிறாள். கோபம் இல்லையாம், முகத்தைப் பார்த்தால் போதுமாம். அவளுக்குக் கண் அவ்வளவாகத் தெரிவதில்லை. ஜன்னலுக்கு நேராக, வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி உட்கார்ந்துகொள்.